ஊவாவை அளந்த சங்கிலி

நில அளவை என்பது எண்ணும் கோணமும் மட்டுமே கொண்ட ஒரு கலை என்றும், அதற்கும் அரசியலுக்கும் ஒட்டும் உறவும் இல்லை என்றும் எண்ணுவோர் பலர். தியோடலைட்டுக் கருவிக்கு ஏழை, செல்வன் என்ற பேதம் தெரியாது. சங்கிலியின் நீளமும் ஆளுக்கு ஆள் மாறுவதில்லை. இந்த அளவில் அவர்கள் கூறுவது சரியே. ஆனால், எதை அளப்பது, எதை அளக்காமல் விடுவது, அளந்ததை எவர் பெயரில் எழுதுவது என்னும் மூன்று கேள்விகளுக்கும் கருவி விடை கூறுவதில்லை. கருவியை அனுப்பியவனே கூறுகிறான். சோழப் பேரரசில் முதலாம் இராசராசன் காலத்து நிலம் அளந்த அதிகாரி 'உலகளந்தான்' என்று விருது பெற்றான். திருமாலுக்குரிய பெயரை வரிக்காக நிலம் அளந்தவனுக்குச் சூட்டிய நம் முன்னோர், அளப்பதற்கும் ஆள்வதற்கும் உள்ள உறவை நன்கறிந்திருந்தனர் எனலாம்.

இலங்கையின் ஊவா மாகாணத்தில் இவ்வுறவைக் கண்கூடாகக் காணலாம். பதுளையிலிருந்து எத்திசையில் நோக்கினும், மலையின் மேல் மனிதன் இழுத்த கோடுகள் தெரிகின்றன. வண்டிப்பாதை, இருப்புப்பாதை, தேயிலை நிரை, மின்கம்பி, நிலத்தடி நீர்ச்சுரங்கம் ஆகிய ஒவ்வொன்றும் முதலில் தாளில் வரையப்பட்டுப் பின்னரே மண்ணில் வெட்டப்பட்டது. இருநூறு ஆண்டுகளாக இக்கோடுகளை வெட்டிய கைகள் யாருடையவை, அந்தக் கைகளுக்கு உரியவர் தாளில் எங்கே இருக்கின்றனர் என்பதே நாம் ஆராய வேண்டிய பொருள்.

விதையும் சங்கிலியும்

வெள்ளையர் வருமுன் ஊவாவில் நிலத்துக்கு அளவே இல்லாமற் போகவில்லை. ஓர் அமுணம் நெல் விதைக்கும் வயல், இத்தனை குறுணி விதைக்கும் புனம் என்று விதையைக் கொண்டே நிலத்தை அளந்தனர். யாழ்ப்பாணத்து உழவரும் தமிழகத்து உழவரும் இவ்வாறே விதைப்பாடு பேசினர். ஓர் அமுண நிலத்தின் பரப்பு மண்ணின் வளத்துக்கேற்ப இடத்துக்கு இடம் மாறும். பயிரிடுவோனுக்கு இவ்வளவு போதும். ஆனால், நிலத்தைக் கண்ணாலும் காணாது, இலண்டனிலிருந்து விலைபேசி வாங்குவோனுக்கு அது போதாது. அவனுக்கு வேண்டியது எல்லை. எல்லைக்கு வேண்டியது சங்கிலி.

1815ல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. இரண்டே ஆண்டுகளில், 1817ல், ஊவாவிலும் வெல்லசவிலும் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அவர்களை அடக்க அனுப்பப்பட்ட ஊவாத் திசாவை கெப்பெட்டிப்பொல மக்கள் பக்கமே சேர்ந்து, 1818 நவம்பரில் தலை வெட்டுண்டு மாண்டார். வயல்கள் தீக்கிரையாயின, குளங்கள் உடைக்கப்பட்டன. இக்கிளர்ச்சியிலிருந்து ஆட்சியாளர் கற்ற பாடம் ஒன்றே: படை செல்லப் பாதை வேண்டும், பாதை அமைக்க மலையின் படம் வேண்டும். ஊவாவின் முதற் கோடுகளை வணிகன் கேட்குமுன் படைத்தலைவன் கேட்டான் என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும்.

அடுத்த முறை வணிகன் கேட்டான். 1800ல் நில அளவைத் திணைக்களம் தொடங்கப்பட்டிருந்த போதிலும், அதன் பொற்காலம் கோப்பியோடு வந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் கிடக்கும் நிலமெல்லாம், மறுப்புச் சான்று காட்டப்படும் வரை, முடிக்குரியதெனக் கொள்ளப்படும் என்றது. சில ஆண்டுகள் பயிரிட்டுச் சில ஆண்டுகள் ஆறவிடும் சேனைப் புனத்துக்கு உழவனிடம் ஏது பத்திரம்? மாடு மேய்ந்த புல்வெளிக்கு ஏது உறுதி? நேற்று வரை ஊரின் நிலமாக இருந்தது இன்று தரிசென்று எழுதப்பட்டது. 1844 வரை ஏக்கர் ஐந்து சிலிங்கிற்கு முடிநிலம் விலைபோயிற்று. அதன்பின் தொடக்க விலை ஒரு பவுண் ஆயிற்று. அரச அலுவலர்களே முந்திக்கொண்டு வாங்கினர்.

சங்கிலியின் நுட்பத்தையும் இங்கே காணவேண்டும். அதன் நீளம் 66 அடி. அதில் 100 கண்ணிகள். எண்பது சங்கிலி ஒரு மைல். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். பெருக்கிக் கூட்டி விற்பனைப் பத்திரத்தில் எழுதுவதற்கென்றே செய்யப்பட்டது போன்ற கருவி. மலைச்சரிவில் அதைத் தரையோடு கிடத்தி அளப்பதில்லை. கிடைமட்டமாகப் பிடித்து, படிப்படியாக இறக்கியே அளப்பர். ஆகவே படத்தில் உள்ள ஏக்கர் கிடைமட்ட ஏக்கராகும். 30 பாகை சாய்ந்த மலையில், ஓர் ஏக்கர் எனப் படம் கூறும் நிலத்தின் மேற்பரப்பு நூற்றுக்குப் பதினைந்து பங்கு கூடுதலாக இருக்கும். அக்கூடுதல் பங்கு எந்தப் பத்திரத்திலும் இல்லை. கூடை சுமந்து ஏறி இறங்கும் பெண்ணின் கால்களில் மட்டுமே அது கணக்காகிறது.

பாதை கேட்ட உடல்கள்

படம் ஆயிற்று; பாதையை வெட்டுவது யார்? கண்டியரசர் காலத்து இராசகாரியம் எனும் கட்டாய ஊழியத்தை ஆங்கிலேயரும் தம் வீதிகளுக்காகப் பயன்படுத்தினர். 1832ல் அது ஒழிக்கப்பட்டது. எனினும் உழைப்பின் தேவை ஒழியவில்லை. 1848ல் இயற்றப்பட்ட வீதிச் சட்டம், 18க்கும் 55க்கும் இடைப்பட்ட ஆண் ஒவ்வொருவனும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதியில் உழைக்க வேண்டும், அல்லது மூன்று சிலிங் கட்டவேண்டும் என்றது. இன்னும் பல வரிகளோடு சேர்ந்து, அவ்வாண்டு மாத்தளையில் மூண்ட கிளர்ச்சிக்கு இதுவும் ஒரு காரணமாயிற்று.

சிங்களக் குடியானவன் தன் வயலை விட்டு வர மறுத்த இடத்தில், கடல் கடந்து வந்த தமிழ்த் தொழிலாளி நிறுத்தப்பட்டான். இலங்கை வீதிகளின் தந்தை எனப் போற்றப்படும் தோமஸ் ஸ்கின்னர் 1841ல் வீதி ஆணையாளரானார். 1867ல் ஓய்வு பெறும்வரை மலைநாடெங்கும் வீதி வலையை விரித்தார். அவருடைய பயனியர் படைகளில் மண்வெட்டியும் கடப்பாரையும் பிடித்தவருள் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர் பலர். பதுளையில் அதிகாரியாயிருந்து ஊவாவில் வீதிகள் அமைத்த மேஜர் ரோஜர்ஸ் 1845ல் ஹப்புத்தளையில் இடிவிழுந்து இறந்தார் என்பதை வரலாறு குறித்து வைத்துள்ளது. ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்ற கணக்கும் உண்டு. ஆனால், அதே மலைச்சரிவுகளில் வெடிமருந்துக்கும் காய்ச்சலுக்கும் பலியான கூலிகள் எத்தனை பேர் என எவரும் எண்ணவில்லை. யானைக்குக் கணக்கு வைத்த நாட்டில் மனிதனுக்குக் கணக்கில்லை!

காடு வெட்டிப் பார்வைக்கோடு திறந்தவனும், அளவுக்கருவியைத் தோளில் சுமந்து சிகரம் ஏறியவனும், சங்கிலியின் மறுமுனையைப் பிடித்து நின்றவனும் உழைப்பாளிகளே. படத்தின் அடியில் வடதிசைக் குறியும் அளவுத்திட்டமும் நில அளவையாளரின் கையொப்பமும் இருக்கும். சங்கிலி பிடித்தவன் பெயருக்கு அங்கே இடமில்லை.

முப்பதாண்டு இருப்புப்பாதை

1869ல் கோப்பி இலையில் துருநோய் கண்டது. மடுல்சீமைப் பகுதியிலேயே அது முதலில் கவனிக்கப்பட்டது. கோப்பி மாண்டது, தேயிலை எழுந்தது. தேயிலைக்கு ஆலை வேண்டும், ஆலைக்கு இயந்திரம் வேண்டும், இயந்திரத்துக்கு இரயில் வேண்டும். 1867ல் கண்டியை எட்டிய பாதை, 1885ல் நானுஓயாவையும், 1893ல் ஹப்புத்தளையையும், 1894ல் பண்டாரவளையையும் அடைந்தது. இடையே 1886ல் ஊவா தனி மாகாணமாயிற்று. ஆனால், பண்டாரவளையிலிருந்து பதுளைக்கு இரயில் வந்து சேர 1924 ஏப்ரல் வரை முப்பது ஆண்டுகள் சென்றன.

இத்தாமதத்துக்கு மலையின் அமைப்பும் ஒரு காரணம். பட்டிப்பொலவில் ஏறத்தாழ 1,898 மீட்டர் உயரத்தை எட்டும் பாதை, 700 மீட்டருக்கும் கீழே உள்ள பதுளைக்கு இறங்கவேண்டும். அகலப்பாதை இரயில் 44 அடிக்கு ஓர் அடிக்கு மேல் ஏறவோ இறங்கவோ இயலாது. நேர்வழி குறுகியதாயினும் செங்குத்தானது. ஆகவே நீளத்தை விலையாகக் கொடுத்துச் சரிவை வாங்கவேண்டும். தெமோதரையில் இவ்வாறே செய்தனர். அங்கே பாதை மலையைச் சுற்றி வளைந்து, தான் புறப்பட்ட நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்தினுள் நுழைந்து செல்கிறது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே, 1921ல் முடிந்த ஒன்பது வளைவுப் பாலம் கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் எழுந்து நிற்கிறது. ஒரு சிறு பிழை நேர்ந்திருப்பினும் மேற்பாதையும் கீழ்ப்பாதையும் பொருந்தியிரா. அளவைக் கலையின் இவ்வெற்றியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. மனித அறிவின் வெற்றி மனிதருக்கெல்லாம் உரியது.

ஆனால், அவ்வறிவு எதற்குப் பணிபுரிந்தது என்பதையும் நோக்குவோம். மலையின் மேலிருந்த தேயிலைப் பெட்டி கொழும்புத் துறைமுகத்தை அடைய எத்தனை அடிச் சரிவு வேண்டும் என நுணுகிக் கணக்கிட்ட அதே காலத்தில், அத்தேயிலையைப் பறித்தவர் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் குடும்பத்தோடு முடங்கினர். தோட்டப் படத்தில் ஆலைக்குப் பெயருண்டு, துரை பங்களாவுக்குப் பெயருண்டு, ஓடைக்கும் மலைக்கும் பெயருண்டு. லயமோ வரிசையாக அடுக்கிய சிறு கட்டங்கள், அவ்வளவே. அவை தேயிலைக் களஞ்சியத்தைப் போல் தோட்டத்தின் உடைமையாக வரையப்பட்டனவேயன்றி, மனிதரின் குடியிருப்பாக வரையப்படவில்லை.

இருவரையும் பிரித்த எல்லை

சங்கிலி ஊவாவில் இரு மக்களை நிலமற்றோராக்கியது. மேய்ச்சல் வெளியும் சேனையும் இழந்து தோட்டங்களுக்கிடையே நெருக்குண்ட சிங்களக் குடியானவன் ஒருவன். தோட்டத்தினுள்ளேயே பிறந்து, ஒரு முழ மண்ணும் தனதென்று கூற இயலாத தமிழ்த் தொழிலாளி மற்றொருவன். 1951ல் வெளிவந்த கண்டிய விவசாயிகள் ஆணைக்குழுவின் அறிக்கை, மத்திய, ஊவா மாகாணங்களின் கிராமத்து நிலப்பஞ்சத்தை ஆராய்ந்தது. கிராமத்தவன் தன் இழப்புக்குத் தோட்டத்தைப் பழித்தது இயல்பே. ஆனால், தோட்டமுதலாளியைப் பழிப்பதற்குப் பதிலாகத் தோட்டத் தொழிலாளியைப் பழிக்க அவனுக்குக் கற்பித்தவர் பலர். ஒரே கோட்டின் இருபுறமும் நின்ற இரு ஏழைகள், ஒருவரையொருவர் ஆக்கிரமிப்பாளர் எனக் கருதுமாறு செய்யப்பட்டனர்.

1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தொழிலாளியைக் குடிமக்கள் பட்டியலிலிருந்தே அகற்றியது. 1964ன் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை அவனைக் கேளாமலே இரு நாடுகளுக்குப் பங்கிட்டது. 1972லும் 1975லும் வந்த நிலச் சீர்திருத்தச் சட்டங்கள் தோட்டங்களை வெள்ளையரிடமிருந்து மீட்டன. எனினும் லயத்து அறை அரசின் அறையாயிற்றேயன்றித் தொழிலாளியின் வீடாகவில்லை. 1992ல் தோட்டங்கள் கம்பனிகளின் நிர்வாகத்துக்குச் சென்று, பின்னர் நெடுங்காலக் குத்தகையாயின. மேலே உரிமையாளர் மாறிக்கொண்டே இருந்தனர். கீழே படம் மாறவில்லை.

படம் மாறாததன் விளைவைப் பாதையிலேயே காணலாம். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபைகள் தோட்டங்களினுள் பணம் செலவிடுவதற்குத் தடையாக விளங்கியது. சபைக்கு வாக்களித்த தொழிலாளியின் லயத்துக்குச் செல்லும் பாதை குழியாயினும், சபை அதைத் தொட இயலாதிருந்தது. 2018ல்தான் அச்சட்டம் திருத்தப்பட்டது. நாட்டுக்கு வீதியமைத்தவனின் பேரர்களுக்கு வீட்டு வாசலுக்கு வீதி வர, முப்பதாண்டுச் சட்டத் தடை!

இன்றைய கோடுகள்

இன்று சங்கிலி அருங்காட்சியகப் பொருளாகிவிட்டது. செய்மதி நோக்கும் கருவி ஒரு நொடியில் இடத்தைக் குறித்துவிடுகிறது. கருவி மாறினும் அந்த மூன்று கேள்விகளும் மாறவில்லை. பதுளையிலிருந்து பசறை, லுணுகலை வழியே செங்கலடிக்குச் செல்லும் வீதி அகலமாகிறது. மின்கம்பிகள் மலை தாண்டுகின்றன. வீதிக்கு எடுக்கும் நிலம் உரிமையே மாறுகிறது. மின்கம்பியின் கீழுள்ள நிலமோ உரிமை மாறாமலே பயனை இழக்கிறது; அங்கே வீடு எழுப்பவோ உயர்ந்த மரம் வளர்க்கவோ இயலாது.

பொதுத் தேவைக்கு நிலம் எடுப்பதற்கான சட்டம் 1950ல் இயற்றப்பட்ட 9ஆம் இலக்கச் சட்டமாகும். அறிவித்தல் ஒட்டி, எல்லைக்கல் நாட்டி, துண்டு துண்டாக அளந்து, ஒவ்வொரு துண்டுக்கும் எதிரே உரித்துக் கோருவோர் பெயரை எழுதுவர். அப்பெயருடையோர் விசாரணைக்கு அழைக்கப்பட்டு இழப்பீடு பெறுவர். கிராமத்து உழவன் உறுதியைக் கையிலேந்தி வருகிறான். தோட்ட நிலமோ அரசினுடையது, குத்தகை கம்பனியுடையது. ஆகவே பெயர்ப் பத்தியில் அவ்விருவரும் அமர்ந்துவிடுகின்றனர். லயத்தின் பின்னே மூன்று தலைமுறையாகக் கல் பொறுக்கி, மண் அணைத்து, மரக்கறி பயிரிட்டவனின் பெயர் எப்பத்தியில் வரும்? உறுதிப்பத்திரம் இல்லாதோரையும் நியாயமாக நடத்தவேண்டுமென 2001ஆம் ஆண்டின் தேசிய மீள்குடியேற்றக் கொள்கை கூறுகிறது. கொள்கை நன்று. எனினும் கொள்கை சட்டமாகாது. அதிகாரி விரும்பினால் அளிக்கும் நியாயத்துக்குச் சலுகை என்றே பெயர்.

நிலத்தின் மேல் செல்லும் கோட்டையாவது கண்ணால் காணலாம். நிலத்தின் கீழ் செல்லும் கோட்டை என்செய்வது? உமாஓயாத் திட்டம் நீரை 15 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சுரங்கத்தின் வழியே தெற்கே திருப்பி, 120 மெகாவாற் மின்சாரம் தருவது. 2014ன் இறுதியில் சுரங்கத்தினுள் நீர் பீறிட்டது. மேலே பண்டாரவளைச் சுற்றுவட்டத்தில் கிணறுகள் வற்றின, வீடுகள் பிளந்தன. 2024 ஏப்ரலில் திட்டம் திறந்துவைக்கப்பட்டது. சுரங்கத்தின் பாதையை நுணுக்கமாக அளந்த திட்டம், அதற்கு மேலே வாழ்ந்தோரின் நீரை அதே நுணுக்கத்தோடு அளந்திருப்பின் இத்துயரம் குறைந்திருக்கும்.

படம் அறிந்திருந்தது

2014 அக்டோபர் 29 காலையில், கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்து மலைச்சரிவு இடிந்து, லயங்களை மண்ணுள் புதைத்தது. புதையுண்ட பலரின் உடலும் கிடைக்கவில்லை. இயற்கையின் சீற்றம் என்று கூறி இதனைக் கடந்துவிட இயலாது. ஏனெனில், மண்சரிவு அபாயப் படங்கள் வரையும் பணி 1990ல் தொடங்கியபோது, முதலில் எடுத்துக்கொள்ளப்பட்ட மாவட்டங்கள் பதுளையும் நுவரெலியாவுமே. மீரியபெத்தைக்கு 2005லும் 2011லும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கை விடுத்தது. படம் அறிந்திருந்தது, அதிகாரி அறிந்திருந்தார், மக்களும் அறியாதிருக்கவில்லை. 'இவ்விடத்தை விட்டு அகல்க' என்றால், எவ்விடத்துக்கு அகல்வது? சொந்த நிலம் உள்ளவன் அபாயத்தைக் கண்டால் ஒதுங்குவான், விற்பான், வேறு மனையில் குடிசை போடுவான். லயத்தில் வாழ்பவனுக்கு வேலையும் கூரையும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை. அபாயத்தை அளந்த அரசு, மாற்று நிலத்தை அளக்கவில்லை. தப்பியோர் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் தங்கியிருந்த பின்னரே வீடு கண்டனர்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலைநாட்டைத் தாக்கியபோதும், பேரிழப்பைச் சந்தித்த மாவட்டங்களுள் பதுளை ஒன்றாயிற்று. இருப்புப்பாதை பல இடங்களில் அற்றுப்போனது. பாதையைச் சீராக்கப் பொறியாளர் வருவர், அது வேண்டியதே. பாதைக்கு மேலும் கீழும் வாழ்வோரின் நிலத்தையும் அதே கருவியால் அளக்க வருவார் யார்?

ஏழு பேர்ச் நிலம் என்ற சொல் கடந்த பத்தாண்டுகளாக மலையகத்தில் ஒலிக்கிறது. ஓர் ஏக்கரில் 160 பேர்ச்; ஏழு பேர்ச் என்பது 1,900 சதுர அடியை அண்மித்தது. சரிவில் இதனைச் சமப்படுத்தினால், அணைசுவருக்கும் வடிகாலுக்கும் போக எஞ்சுவது சிறிதே. ஆயினும் லயத்துக் கட்டத்திலிருந்து வெளியேறி, தனக்கென எல்லைக்கல் நாட்டிய முதல் மண் அது. ஆதலால் அதனை நாம் இகழவில்லை, போதாதென்கிறோம். அளந்து, எல்லை குறித்து, கணவன் மனைவி இருவர் பெயரிலும் பதிவு செய்த உறுதி ஒவ்வொரு குடும்பத்தின் கையிலும் சேரவேண்டும். உறுதியில்லாத வீடு நாளைய வீதிக்கோட்டின் முன் மீண்டும் பெயரற்ற கட்டமாகிவிடும்.

வீதி வேண்டும், மின்சாரம் வேண்டும், நீரும் வேண்டும். முன்னேற்றத்தை மறுப்பவர் நாமல்லர். மலையைக் குடைந்து இரயில் விட்டவரின் வழிவந்தோர் முன்னேற்றத்தை எவ்வாறு மறுப்பர்? நாம் கேட்பது இவ்வளவே: கோடு இழுக்குமுன், அக்கோட்டில் வாழ்வோரை, உறுதியுள்ளோர் இல்லாதோர் என்ற பேதமின்றி, பெயர் பெயராக எழுதுக, அபாயப் படம் வரையும் அன்றே மாற்று நிலத்தின் படத்தையும் வரைக, கிராமத்து நிலமற்றோனுக்கும் தோட்டத்து நிலமற்றோனுக்கும் ஒரே மேசையில் நிலம் அளந்து கொடுக்க. இக்கோரிக்கையைத் தனித்தனியே எழுப்பினால் இருவரும் தோற்பர் என்பதே ஊவாவின் இருநூறாண்டு வரலாறு நமக்குக் கூறுவது. தெமோதரையில் மலைக்குள் வளைந்து சென்ற கோட்டை அங்குலம் பிசகாமல் பொருத்திய நாட்டுக்கு, ஒரு தொழிலாளியின் முற்றத்தை அளப்பது அரிய செயலன்று. அளக்க மனம் கொள்ளவேண்டும். கொள்ளும்படி செய்வது மக்களின் ஒன்றுபட்ட குரல்.